மௌனமாக இருந்த தோல்

மருந்து சேரவில்லை என்றால் நம் வீடுகளில் "ஒத்துக்கல" என்பார்கள். பெரும்பாலும் அது அரிப்போடு போய்விடும். மிக அரிதாகச் சிலருக்குத் தோலே உரிந்து உயிரும் போய்விடுகிறது. இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது.

1922இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற மருத்துவர்கள் 7, 8 வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி எழுதினார்கள். காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வாய்ப்புண், கண்ணில் கடும் அழற்சி. ஏதோ புதுத் தொற்றுக் காய்ச்சல் என்று எண்ணினார்கள்.

1956இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஆலன் லயல் நான்கு நோயாளிகளை விவரித்தார். வெந்நீர் கொட்டியதுபோல் மேல்தோல் கழன்று வந்தது. இரத்தத்தில் சுற்றும் ஏதோ நஞ்சுதான் காரணம் என்று ஊகித்து, நோயின் பெயரிலேயே நஞ்சைச் சேர்த்தார். அவரை உறுத்தியது வேறொன்று. மேல்தோல் செத்துக் கிடக்க, அதற்குக் கீழே அழற்சி ஏறக்குறைய இல்லை. அதை அடித்தோலின் மௌனம் என்றார். ஊர் எரிந்து கிடக்கிறது, படையைக் காணோம்! இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விடை 2008இல் தைவானிலிருந்து வந்தது. அங்குள்ள குழு தோலை விட்டுவிட்டுக் கொப்புளத்து நீரைச் சோதித்தது. அதில் கொலைகார டி செல்களும், அவை சுரக்கும் கிரானுலைசின் என்ற புரதமும் இருந்தன. அதுவரை சந்தேகப்பட்ட மற்றக் கொல்லும் புரதங்களைவிட இது நூறு மடங்குக்கும் மேல். எலியின் தோலில் செலுத்தியபோதும் இதே சேதம். செல்கள் கொஞ்சம்தான், சுரப்பு பரவிவிடுகிறது. ஆக, லயலின் நஞ்சு பாதி உண்மை. ஆனால் அதைச் சுரந்தது நம்மைக் காக்க வேண்டிய செல்களே.

அவை ஏன் எல்லாருக்கும் சீறுவதில்லை? அதற்கும் 2004இலேயே தைவானில் ஒரு துப்பு கிடைத்திருந்தது. வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைனால் இந்நோய் கண்ட 44 பேரிடமும் எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருந்தது. அதே மருந்து ஒத்துக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம்தான் இருந்தது. இந்த வகை செல்லின் மேல் உருவாக்கும் புரதத்தில் மருந்து ஒட்டிக்கொள்ள, டி செல் அதை அந்நியன் என்று படித்துவிடுகிறது.

இந்த வகை ஐரோப்பியரிடம் மிக அரிது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் சாதாரணம், இந்தியரில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2013 முதல் சிங்கப்பூரில் ஆசிய வம்சாவளியினருக்குக் கார்பமாசெபைனைப் புதிதாகத் தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். கொஞ்சம் இரத்தம் எடுத்தால் போதும்.