உணர்ச்சியே வேர்



பாட்டு எங்கிருந்து பிறக்கிறது? பழங்காலச் சீனர்கள் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தார்கள். மனிதன் நெஞ்சிலிருந்துதான் பிறக்கிறது என்றார்கள்.

சீனர்களின் மிகப் பழைய பாடல் தொகுப்புக்குக் 'கவிதை நூல்' என்று பெயர். அதில் 305 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 160, பல சிற்றரசுகளில் வழங்கிய பாட்டுகள். காதல், பிரிவு, உழைப்பு, போருக்குப் போனவரை எண்ணி ஏங்குதல் ஆகியவை அவற்றில் உண்டு. இந்நூலுக்கு ஹான் அரசர் காலம் முதல் ஒரு முன்னுரை வழங்கி வருகிறது. உள்ளத்து உணர்ச்சி சொல்லாக வெளிப்படுகிறது, சொல்லில் அடங்காதபோது பாட்டாகிறது, பாட்டிலும் அடங்காதபோது ஆட்டமாகிறது என்பது அதன் கருத்து.

இன்னொன்றையும் அந்த முன்னுரை கூறுகிறது. நல்லாட்சி நடந்தால் குடிகளின் பாட்டில் அமைதி இருக்கும். ஆட்சி கெட்டால் சினம் ஒலிக்கும். ஆகவே ஆள்வோர் பாட்டைக் கேட்டே தம் குறையை அறியலாம். பாடுவோரின் உணர்ச்சியும் முறை கடக்கலாகாது.

இக்கொள்கையை வாழ்ந்து காட்டியவர் பை ஜூயி என்ற கவிஞர். தாங் அரசர் காலத்தவர்; 772 முதல் 846 வரை வாழ்ந்தவர். கரி விற்கும் கிழவன் ஒருவனைப் பற்றி அவர் பாடியிருக்கிறார். கிழவனுக்கு உடுத்த நல்ல துணி இல்லை. ஆயினும் குளிர் இன்னும் கூட வேண்டுமென்று விரும்புகிறான். குளிர் கூடினால்தானே கரிக்கு நல்ல விலை கிடைக்கும்! கடைசியில் அரண்மனை ஏவலர்கள் வந்து, கொஞ்சம் பட்டுத் துணியை விலையாகக் கொடுத்துவிட்டு, வண்டிக் கரி முழுவதையும் ஓட்டிச் செல்கிறார்கள்.

815ஆம் ஆண்டில் பை ஜூயி பதவி இறக்கப்பட்டு, தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள ஜியாங்சௌ என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து தம் நண்பர் யுவான் சென்னுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஏழைகளின் துயரைச் சொன்ன தம் பாடல்களைக் கேட்டு அதிகாரம் படைத்தவர்களின் முகம் மாறியதை அதில் குறிப்பிட்டார். உலகம் தம் மற்றப் பாடல்களையே மெச்சுகிறது, தாம் மதிப்பதோ இவற்றைத்தான் என்றும் எழுதினார்.

அதே கடிதத்தில் கவிதையை ஒரு செடிக்கு ஒப்பிட்டார். உணர்ச்சி அதன் வேர்; சொல் தளிர்; ஓசை பூ; பொருள் கனி என்றார். மரத்தோடு பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேர் பட்டுப்போனால் பூ ஏது, கனி ஏது?

கரிக்காரக் கிழவனின் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அவன் துயரம் மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் வாழ்கிறது. அதைத் தன் துயரமாக உணர்ந்த ஒரு நெஞ்சு இருந்ததே அதற்குக் காரணம்.