ஐயத்தின் பதிவேடும் உரிமையின் பதிவேடும்: தென்சென்னைப் புறநகரில் புலம்பெயர் தொழிலாளரும் சட்டமும்

குடிவரவுச் சட்டம், அதாவது ஒரு நாட்டுக்குள் வருவோரையும் தங்குவோரையும் ஒழுங்குபடுத்தும் சட்டம், அயல்நாட்டினருக்கு மட்டுமே உரியது என்பது பொதுவான புரிதல். இந்திய அரசமைப்பின் 19ஆம் உறுப்பு குடிமக்கள் அனைவருக்கும் நாடெங்கும் நடமாடவும் எப்பகுதியிலும் தங்கி வாழவும் உரிமை வழங்கியிருப்பதால், பீகாரிலிருந்து தாம்பரத்துக்கு வந்து சாரம் கட்டும் தொழிலாளியை வந்தேறி என்று கருதச் சட்டத்தில் இடமில்லை. ஆயினும் அயலாரைக் கண்காணிக்க உருவான நடைமுறைகள் இக்குடிமக்கள் மீதும் படிப்படியாகப் படிந்தன என்பதையும், அவர்களைக் காக்க இயற்றப்பட்ட சட்டம் அதே காலத்தில் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது என்பதையும் தென்சென்னைப் புறநகரின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

இப்பகுதியே வந்து குடியேறியவர்களால் வளர்ந்ததுதான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்ததும், பின்னர் பழைய மாமல்லபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியதும் தென்மாவட்டத்தாரையும் ஆந்திரத்தாரையும், அவர்களுக்குப் பின் ஒடிசா, பீகார், வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலத்தாரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தன. எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களுக்கு அடுத்த முனையமாகத் தாம்பரம் உயர்ந்தபின், அஸ்ஸாமின் சில்காட்டிலிருந்தும் ஜார்க்கண்டின் ஜசீதியிலிருந்தும் வரும் ரயில்கள் இங்கேயே பயணத்தை முடிக்கின்றன. தமிழக அரசின் தொழிலாளர் துறைக்காக 2015-16இல் நடந்த கணக்கெடுப்பு, மாநிலத்தில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர், தாம்பரத்தையும் அப்போது உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தனர்.

இத்தொழிலாளருக்கென 1979இல் நாடாளுமன்றம் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. ஒடிசாவில் 'தாதன்' என்ற பெயரில் இடைத்தரகர்கள் முன்பணம் கொடுத்து ஆட்களைத் தொலைதூரப் பணியிடங்களுக்குக் கொண்டுசென்ற முறையின் கொடுமைகளே இச்சட்டத்துக்கு வித்திட்டன. 5 அல்லது அதற்கு மேற்பட்ட வெளிமாநிலத்தாரை வேலைக்கு வைக்கும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், ஒவ்வொருவருக்கும் புகைப்படத்துடன் பணிப்புத்தகம் தர வேண்டும், இடப்பெயர்வுப் படியும் பயணப் படியும் தங்குமிடமும் வழங்க வேண்டும் என்று அது விதித்தது. இவற்றினும் முக்கியமானது 13ஆம் பிரிவு: ஒரே வகை வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்குரிய கூலிக்குக் குறையாமல் வெளியூர்த் தொழிலாளிக்கும் தர வேண்டும் என்பது அதன் சாரம். இது நடைமுறைக்கு வந்திருந்தால், 'வடக்கத்தியான் குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறான்' என்று இன்று எழும் குற்றச்சாட்டின் வேரே அறுந்திருக்கும். ஆனால் மேஸ்திரி வழியாகவும் ஏஜென்ட் வழியாகவும் ஆள் எடுக்கும் கட்டுமானத் துறையில் உரிமமும் பணிப்புத்தகமும் அரிதாகவே இருந்தன. கூலி வேறுபாட்டால் ஆதாயம் அடைந்தவர் ஒப்பந்தக்காரர்; அதற்கான பழியைச் சுமந்தவர் தொழிலாளி.

காவல் துறைப் பதிவேட்டின் வரலாறு இதனின்று வேறானது. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கட்டணம் பெற்று அயல்நாட்டினரைத் தங்கவைப்போர் அவர்களைப் பற்றிய விவரங்களை அதிகாரிகளுக்குத் தர வேண்டும் என்றது. 1991 மே 21 அன்று தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபின், அகதி முகாம்களுக்கு வெளியே வாழ்ந்த ஈழத் தமிழர்கள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டியவர்களாயினர். வாடகைக்கு வீடு தேடுபவரின் பேச்சு வழக்கைக் கேட்டே வீட்டுக்காரர் தயங்கும் நிலை அன்று உருவானது. செங்கல்பட்டில் சிறப்பு முகாம் என்ற பெயரில் பலர் அடைக்கப்பட்டதும் இதே சட்டத்தின் கீழ்தான்.

இந்த நடைமுறை குடிமக்கள் மீது திரும்பிய ஆண்டு 2012. அவ்வாண்டு ஜனவரி 23இல் பெருங்குடியிலும் பிப்ரவரி 20இல் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன. பிப்ரவரி 23 அதிகாலை வேளச்சேரியில், இக்கொள்ளைகளில் தொடர்புடைய வடமாநிலத்தார் என்று காவல் துறை அறிவித்த ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மாநகரக் காவல் ஆணையர், குற்ற நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்படி, வாடகைதாரர் விவரங்களை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று ஆணையிட்டார். உடனடி ஆபத்தைத் தடுக்கும் பொருட்டு இரண்டு மாத அளவில் பிறப்பிக்கப்படும் தற்காலிக ஆணைக்குரிய பிரிவு அது. ஆணையின் சொற்களில் எந்த மாநிலமும் சுட்டப்படவில்லை. ஆனால் அது பிறந்த சூழலில் யாரைக் குறித்தது என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. ஐவர் மீதான குற்றச்சாட்டு பல லட்சம் பேரின் அடையாளமாக மாறியது இங்கேதான்.

ஐயத்தின் பதிவேடு இவ்வாறு விரைந்து வளர்ந்தபோது, உரிமையின் பதிவேடு எந்நிலையில் இருந்தது என்பதை 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இடிந்து விழுந்த 11 மாடிக் கட்டடம் வெளிப்படுத்தியது. மழைக்கு ஒதுங்கியவர்கள் உட்பட 61 பேர் அதில் மாண்டனர்; அவர்களில் ஆந்திரத்தின் வடகோடி மாவட்டத்தாரும் ஒடிசாவினரும் பலர். பணியிடத்தில் எத்தனை பேர், எந்த ஊரார் என்பதை உடனே சொல்லக்கூடிய பணிப்புத்தகம் சட்டத்தில் இருந்தது. இடிபாடுகளுக்கு முன் நின்ற உறவினருக்கு அது பயன்படவில்லை. இதே வெறுமையை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாடு முழுமைக்கும் காட்டியது. புலம்பெயர் தொழிலாளர் அனைவரையும் பதிவு செய்யும் தேசியத் தரவுத்தளத்தை விரைந்து முடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று ஆணையிட வேண்டியதாயிற்று.

அரசியல் இவ்வெறுமையைத் தனக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டது. தமிழ்நாட்டு வேலை தமிழருக்கே என்ற முழக்கத்தைத் தமிழ்த் தேசியப் பேரியக்கம் முன்வைத்தது. வடகிழக்கு மாநிலங்களில் உள்ளதுபோல் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. அம்முறை 1873இல் பிரித்தானியர் தம் வணிக நலனுக்காக வங்காளத்தின் கிழக்கு எல்லையில் புகுத்திய ஒழுங்குமுறையின் எச்சம். இலங்கையில் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டதையும், 1966இல் பம்பாயில் தோன்றிய சிவசேனையின் முதல் இலக்காகத் தென்னிந்தியர் இருந்ததையும் அறிந்த ஒரு சமூகம் இக்கோரிக்கையை எளிதில் ஏற்பது வேதனைக்குரியது. வேலையின்மையும் கூலிக்குறைவும் உள்ளூர் இளைஞர்களுக்கு உண்மையான துன்பங்களே. அவற்றுக்கு மருந்து 13ஆம் பிரிவில் இருந்தது, எல்லைச் சாவடியில் இல்லை. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, தமிழக அரசு மறுத்தும் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகார் அரசு குழுவொன்றை அனுப்பி நிலைமையை ஆராய்ந்தது.

2025ஆம் ஆண்டு இவ்விரு சட்ட மரபுகளையும் மாற்றியெழுதியது. செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அயல்நாட்டினர் சட்டம், 1946ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கினாலும் தங்கவைப்போரின் பொறுப்பைத் தொடர்ந்தது. நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களோ 1979ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கின. தாமாகவே வேலை தேடி வருவோரையும் புலம்பெயர் தொழிலாளராக ஏற்றது புதிய தொகுப்பின் நன்மை. ஆனால் இடப்பெயர்வுப் படி அதில் இல்லை. புலம்பெயர் தொழிலாளருக்கான பகுதி பொருந்துவதற்கு வேண்டிய எண்ணிக்கையும் 5இலிருந்து 10ஆக உயர்ந்துவிட்டது. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு அடுக்குமாடிக்குப் பூச்சு வேலை செய்யும் மேஸ்திரியின் ஆட்களுக்கு அப்பகுதியின் பாதுகாப்பு இனி இல்லை.