தேனீக்களும் பூச்சிக்கொல்லிகளும்

பயிரைத் தாக்கும் பூச்சிகளை ஒழிக்கத் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகள், அப்பயிரில் மகரந்தச் சேர்க்கை நிகழ்த்தும் தேனீக்களையும் அழிக்கின்றன. புணே மாவட்டத்தின் முக்கியப் பயிரான வெங்காயம் இதற்குத் தக்க சான்றாகும். வெங்காயப் பூவில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண்ணுறுப்பின் நுனி, அப்பூவின் மகரந்தம் உதிர்ந்த பின்னரே பக்குவமடைவதால், விதை பிடிப்பதற்குத் தேனீக்களின் வருகை இன்றியமையாதது. ஆயினும், சாறுறிஞ்சும் இலைப்பேனுக்கு அஞ்சிப் பூக்கும் பருவத்திலும் மருந்தடிக்கும் உழவர், விளைச்சலைத் தரும் உயிரையே இழக்க நேர்கிறது.

கரிமப் பாஸ்பரஸ் நஞ்சுகள் நரம்புச் சைகையை முடித்துவைக்கும் நொதியை முடக்குவதால், நடுங்கி, உறிஞ்சுகுழல் நீண்டபடி மடிந்த தேனீக்கள் தேனீப்பெட்டியின் வாயிலில் குவிகின்றன. இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் பயிரின் சாற்றில் ஊடுருவிப் பூந்தேனையும் மகரந்தத்தையும் சென்றடைகின்றன. கொல்லாத சிற்றளவிலும் அவை நினைவாற்றலைக் குலைப்பதால், இரை தேடச் சென்ற தேனீ கூட்டுக்கு வழி தெரியாமல் அழிகிறது. வாயிலில் பிணங்கள் இல்லாத இவ்விழப்பே எளிதில் கவனம் பெறாததாகையால் மிகக் கொடியது. ஐரோப்பிய ஒன்றியம் நியோநிகோட்டினாய்டு வகையில் மூன்றினைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018-இல் தடை விதித்தது. பூக்கும் பருவத்தில் தெளிப்பைத் தவிர்ப்பதும், தவிர்க்கவியலாதபோது தேனீக்கள் கூடடைந்த மாலைப்பொழுதில் தெளிப்பதும் சேதத்தைக் குறைக்கும்.