எந்த முரளி?

நிவித்திகல பக்கத்துத் தோட்டங்களில் ‘முரளி’ என்று சத்தமாகக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் ஒருவராக இருக்கமாட்டார். பால் வெட்டுகிற முரளி, மேல் லயத்து முரளி, ஆட்டோ முரளி, மாணிக்கக் குழிக்குப் போகிற முரளி என்று தொழிலும் லயமும் முன்னால் வந்து நின்றால்தான் ஆள் யாரென்று தெரியும். தோட்டத்தை விட்டு வெளியே வந்தாலும் இதே கதைதான். கிரிக்கெட்டில் முரளி உண்டு, சினிமாவில் உண்டு, கச்சேரி மேடையில் உண்டு, சதுரங்கத்தில் உண்டு, நீளம் தாண்டுதலிலும் உண்டு. “எந்த முரளி?” என்று கேட்காமல் பேச்சு நகராது.

சொல்லிலிருந்து தொடங்குவோம். முரளி என்றால் வடமொழியில் புல்லாங்குழல். தமிழுக்குக் குழல் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை என மூன்று வகைக் குழல்கள் பேசப்படுகின்றன. ஆனால் அந்தக் கருவியை அன்றும் இன்றும் நாம் குழல் என்றுதான் சொல்கிறோம். கருவியின் பெயராக முரளி இங்கே வேர்பிடிக்கவில்லை. வண்டு ஒலிப்பதைக் குறிக்கும் ‘முரல்’ என்ற பழைய தமிழ் வினையும் வடமொழி முரளியும் ஓரினம்தானா என்பது வாதத்துக்குரியது. எப்படியானாலும் முரளி நம்மிடம் வந்து சேர்ந்தது கருவியாக அல்ல, கண்ணனின் கைப்பொருளாக. முரளிதரன் என்றால் குழலைத் தாங்கியவன். முரளிகிருஷ்ணன், முரளிமோகன், முரளிமனோகர் எல்லாமே அந்த ஒரே கண்ணன்தான்.

பெயர் நீளமாக இருந்தவரை பொருள் சரியாக இருந்தது. வீட்டில் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிட்டபோது ‘தரன்’ உதிர்ந்தது. தாங்கியவன் போய்விட்டான், அவன் கையிலிருந்த குழல் மட்டும் பெயராக நின்றுவிட்டது. இன்று ஒரு பிள்ளையை முரளி என்று கூப்பிடும் தாய் அவனைப் புல்லாங்குழலே என்றுதான் கூப்பிடுகிறாள், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

நீளமான வடிவத்துக்கு மூத்த சாட்சி கச்சேரி மேடையில் இருக்கிறது. 1930 ஜூலை 6இல் ஆந்திராவில் பிறந்த மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணாவுக்கு வீட்டில் வைத்த பெயர் முரளிகிருஷ்ணா. சிறுவயதிலேயே மேடையேறிப் பாடிய பிள்ளைக்கு ‘பால’ என்ற அடை சேர்ந்தது. 2016 நவம்பரில் மறையும்வரை அந்தப் பாலன் வளரவேயில்லை. கர்நாடக சங்கீதம் பக்கம் போகாதவர்களும் அவர் குரலை அறிவார்கள். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் டி.எஸ். பாலையா நடித்த ஹேமநாத பாகவதருக்குப் பின்னணி பாடியவர் அவர்தான்.

அடுத்தவர் எங்கள் மலையக மண்ணின் முரளி. 1972 ஏப்ரல் 17இல் கண்டியில் பிறந்தவர்; 133 டெஸ்டில் 800 விக்கெட், 350 ஒருநாள் ஆட்டங்களில் 534 விக்கெட். இந்த எண்களை இங்கே பள்ளிக்கூடப் பையன்களும் சொல்வார்கள். நான் பார்ப்பது அவருடைய பெயரை, அதற்குப் பின்னால் நிற்கிற பெயர்களை. அவருடைய தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பெயர் பெரியசாமி சின்னசாமி. அவர் மகன் முத்தையா. முத்தையாவின் மகன் முரளிதரன். நம் வழக்கப்படி முதலில் நிற்பது தகப்பன் பெயர். ஆகவே பெரியசாமி, சின்னசாமி, முத்தையா, முரளிதரன் என்று நான்கு தலைமுறை ஒரே வரிசையில் வந்துவிடுகிறது. முதல் மூன்றும் கப்பலேறி வந்த பெயர்கள். ஊர்க் கோயிலில் வேண்டிக்கொண்டு வைத்த மாதிரி இருப்பவை. நாலாவது தலைமுறையில் சாமியும் ஐயாவும் போய்க் குழல் வந்தது. சப்ரகமுவ லயங்களிலும் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். ராமசாமிகளுக்கும் கருப்பையாக்களுக்கும் பிறந்த பிள்ளைகள் முரளிகளாகவும் ரவிகளாகவும் சந்திரன்களாகவும் ஆனார்கள்.

அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது தனிப் பாடு. தமிழில் ‘த’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஏதாவது ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். நெடுங்காலம் அந்த இடத்தில் ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்தையும் எட்டாவதையும் சேர்த்து எழுதினார்கள். 2007இல் ஆஸ்திரேலியாவும் இலங்கையும் மோதும் டெஸ்ட் தொடருக்கு வோர்ன்–முரளிதரன் கிண்ணம் என்று பெயர் வைத்தபோது, நாலாவது எழுத்தைப் போட்டு எழுதுவதே அவர் விருப்பம் என்று அறிவித்தார்கள். இருபதாவதற்கும் நாலாவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் எழுதிக் காட்டவே முடியாது. நமக்கு இரண்டும் ‘டி’தான்.

சினிமாவில் பெயரின் சுருங்கிய வடிவமே கொடி கட்டியது, அதுவும் இரண்டு பேர் கையில். ஒருவர் 1964இல் பெங்களூரில், கன்னட இயக்குநர் சித்தலிங்கையாவின் மகனாகப் பிறந்தவர். 1984இல் ‘பூவிலங்கு’, மறு ஆண்டு மணிரத்னத்தின் முதல் தமிழ்ப் படமான ‘பகல் நிலவு’, 1991இல் ‘இதயம்’. காதலைச் சொல்ல வாய் வராத கல்லூரிப் பையன் என்றால் இன்றும் நினைவுக்கு வருகிற முகம் அவருடையது. மற்றவர் கேரளத்தவர், 1954இல் பிறந்தவர், ‘நெய்த்துக்காரன்’ படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். ‘தும் தும் தும்’, ‘ஜெமினி’ படங்கள் வழியாகத் தமிழ் ரசிகருக்கும் பழக்கமானவர். ‘ஜெமினி’யில் போலீஸ் அதிகாரியாக வந்தவரைப் பற்றிப் பேசும்போது ‘மலையாள முரளி’ என்று ஒரு சொல்லை முன்னால் வைத்தே ஆகவேண்டியிருந்தது.

இவர்களைப் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்த காலமும் உண்டு. மலையாள முரளி 2009 ஆகஸ்டில் மறைந்தார். 2010 ஜூலை 22இல் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி எண்ணூறாவது விக்கெட்டோடு முரளிதரன் டெஸ்டிலிருந்து விடைபெற்றார். அதற்கு ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 8இல், சென்னையில் தமிழ் முரளி மாரடைப்பால் காலமானார். “முரளி போய்விட்டார்” என்ற ஒரு வாக்கியம் அந்த ஆண்டில் மட்டும் இரண்டு பொருள் தந்தது.

இதுவரை சொன்னவர்களுக்கு முரளி சொந்தப் பெயர், அல்லது அதில் ஒரு பகுதி. இன்னொரு கூட்டத்துக்கு அது முன்னால் நிற்கிற பெயர். முரளி விஜய், சென்னையின் தொடக்க ஆட்டக்காரர். 61 டெஸ்டில் 12 சதம். முரளி கார்த்திக், சென்னையில் பிறந்த இடக்கைச் சுழல்பந்து வீச்சாளர். 2007இல் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 27 ஓட்டத்துக்கு 6 விக்கெட் எடுத்தவர். முரளி ஸ்ரீசங்கர், கேரளத்து நீளம் தாண்டும் வீரர். 2022 பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். இந்த மூவரையும் யாரும் “முரளி” என்று கூப்பிடுவதில்லை. விஜய், கார்த்திக், ஸ்ரீசங்கர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஸ்ரீசங்கர் விஷயத்தில் முன்னால் நிற்கிற முரளியும் சும்மா ஆளில்லை. அவருடைய தகப்பனார் எஸ். முரளி முன்னாள் மும்முறைத் தாண்டுதல் வீரர், மகனுக்குப் பயிற்சியாளரும் அவரே.

பட்டியலில் சுருக்கி எழுதும்போது எல்லாம் ‘எம்’ ஆகிவிடும். எம். முரளிதரனில் அது முத்தையா. எம். விஜயில் அது முரளி. எம். பாலமுரளிகிருஷ்ணாவில் அது தகப்பனே இல்லை, மங்களம்பள்ளி என்ற வம்சப் பெயர். தெலுங்கர் வழக்கம் அப்படி. ஓர் எழுத்துப் புள்ளிக்குப் பின்னால் தகப்பனும் வம்சமும் ஒளிந்திருக்க, பார்க்கிறவர் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

மூன்றாவது இடமும் இருக்கிறது: கடைசி. தமிழ் முரளியின் மகன் நடிகர் அதர்வா. முதல் படமான ‘பாணா காத்தாடி’ (2010) வந்து ஒரு மாதத்தில் தகப்பன் மறைந்தார். இன்று மகன் அதர்வா முரளி என்று அறியப்படுகிறார். விஜய்க்கு முன்னால் நிற்கிற முரளி, அதர்வாவுக்குப் பின்னால் நிற்கிறது. பழைய வழக்கத்தில் தகப்பன் பெயர் பிள்ளைக்கு முன்னால் ஓர் எழுத்தாக ஒரு தலைமுறை வாழ்ந்து, பேரப்பிள்ளை காலத்தில் கரைந்துபோகும். பின்னால் போனால் கதை வேறு. அது மேல்நாட்டுக் குடும்பப் பெயர் உட்காரும் இடம். அங்கே உட்கார்ந்த பெயர் எளிதில் எழுந்து போகாது.

இரண்டு வழக்கமும் ஒரே ஆளில் மோதுவதைப் பார்க்கத் தஞ்சாவூர்க்காரரான கிராண்ட்மாஸ்டர் ஒருவர் போதும். 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில் மாக்னஸ் கார்ல்சனை வென்றவர் அவர். சில செய்திகளில் முரளி கார்த்திகேயன், சிலவற்றில் கார்த்திகேயன் முரளி. முதல் வடிவத்தை வேகமாகப் படித்தால் கிரிக்கெட்டின் முரளி கார்த்திக் வந்து நிற்பார். ஆள் ஒருவர்தான், பெயரும் ஒன்றுதான். இடம் மாறியதும் அடையாளம் தள்ளாடுகிறது.

இந்தத் தள்ளாட்டம் நம்மைச் சுற்றியுள்ள சிங்கள மக்களிடம் வேறு மாதிரி. இலங்கை அணியில் இரண்டு குசல்கள்: இடக்கையர் குசல் பெரேரா, வலக்கையர் குசல் மெண்டிஸ். முதற்பெயர் ஒன்றானாலும் போர்த்துக்கேயர் காலத்துக் குடும்பப் பெயர் வேறுபடுத்திவிடும். ஆனால் அந்தக் குடும்பப் பெயரும் பலருக்குப் பொது. திசர, டில்ருவன், குசல் மூவரும் பெரேராக்கள். அஜந்த, குசல், கமிந்து மூவரும் மெண்டிஸ்கள். பெரேரா என்பது போர்த்துக்கேய மொழியில் பேரிக்காய் மரம். ஐந்நூறு ஆண்டாக அந்த மரம் தலைமுறை தலைமுறையாக வளர்கிறது. நம் முத்தையாவும் முரளியும் ஒரு தலைமுறைப் பயிர்.

புகழ்பெற்றவர்களுக்கு இந்தக் குழப்பம் ஒரு நிமிட வேடிக்கை. பந்து வீசும் கையும் திரையில் வரும் முகமும் பெயரைத் தெளிவாக்கிவிடும். முரளிதரன் வாழ்க்கையை ஸ்ரீபதி படமாக்கி 2023இல் வெளியிட்டபோது தலைப்பில் பெயரே இல்லை. ‘800’ என்ற எண் போதுமாக இருந்தது. பெயருக்குப் பதில் எண் என்பது தோட்டத்துக்குப் புதிதல்ல. வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற செக்ரோலில் இரண்டு முரளி இருந்தால் அவர்களைப் பிரிப்பது எண்தான்.

அந்த செக்ரோலில் ‘பேர்’ என்ற சொல்லுக்கே வேறு பொருள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போய், சொன்ன வேலையை முடித்தால் ஒரு பேர் விழும். சொன்ன நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். அப்படிப் பேராகச் சேர்ந்த காசில் ஒரு பங்கு ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. வேலையை விட்டபின் அதை எடுக்கப் போகிறவரிடம் கந்தோரில் கேட்பதும் பெயரைத்தான். செக்ரோலில் முரளி, அடையாள அட்டையில் முரளிதரன், சிங்களத்தில் பதிந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொரு வடிவம். தமிழில் ஒன்றாக இருக்கிற ‘த’வுக்குச் சிங்களத்தில் வெவ்வேறு எழுத்துகள், எழுதிய பதிவாளருக்குக் காதில் விழுந்தது எதுவோ அதுவே பெயர். தகப்பன் பெயரும் ஒரு பத்திரத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்காமல் காசு கைக்கு வராது.

கிண்ணத்தில் பெயர் பொறிக்கும்போது எந்த எழுத்து என்று அந்த முரளியிடம் கேட்டார்கள். பால் வெட்டுகிற முரளியிடமும் அதைக் கேட்கவேண்டும், கந்தோரில் காசு கேட்டு நிற்கும்போது அல்ல, பிறப்பைப் பதிகிற அன்றே, அவருடைய தாய் தகப்பனிடம்.