சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: பாதியில் நின்ற இன்ஜின்கள்

பழைய மோட்டார் பந்தயங்களின் முடிவுப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே முதல், இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்களின் பெயர்கள் இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு பட்டியல் வரும். அது ஓட்டத்தை முடிக்காதவர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் காரணம் ஒரே சொல்லில் இருக்கும்: இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச், அதிகச் சூடு. பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஜின் பிரித்துப் பூட்டியவன் என்பதால், என் கண் முதலில் அந்தக் கீழ்ப் பட்டியலுக்குத்தான் போகும். நம் பக்கத்து மோட்டார் பந்தய வரலாற்றை அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இளைய தலைமுறைக்குச் சோழவரம் என்றால் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி மட்டும்தான். நம் வயதுக்காரர்களுக்கு அது கார் பந்தயம். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்குவதற்காக அங்கே ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்த பிறகு அது சும்மா கிடந்தது. 1950-களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தத் தொடங்கியது. அன்றைக்குச் சோழவரம், ஸ்ரீபெரும்புதூர், நம் உத்திரமேரூர் எல்லாமே ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல்தான் திருவள்ளூர், காஞ்சிபுரம் என்று பிரிந்தது.

1980-களில் இரண்டு முறை நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். நிழல் கிடையாது. வெயில், புழுதி, காதை அடைக்கும் சத்தம். ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை நாம் தெருவில் தினமும் பார்த்தவைதான். ஃபியட், அம்பாசடர், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மோட்டார் சைக்கிளில் திருவொற்றியூர் புல்லட்டிலிருந்து யெஸ்டி, ராஜ்தூத் வரை. வெளிநாட்டு உதிரிபாகம் இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பாக இருந்த காலம். அதனால் உள்ளூர் மெக்கானிக்குகள் கையில் கிடைத்ததை வைத்தே வேகம் கூட்டினார்கள்.

எப்படிக் கூட்டினார்கள்? ஃபியட் இன்ஜின் 1089 சி.சி. கொண்டது. குடும்பத்தோடு திருப்பதி போய்வருவதற்காகச் செய்த இன்ஜின். அதன் சிலிண்டர் ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனை ஏற்றுவார்கள். காற்று போகும் வழிகளை அரத்தால் ராவிப் பெரிதாக்குவார்கள். ஒரு கார்புரேட்டருக்குப் பதில் இரண்டு வைப்பார்கள். வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி கேம் ஷாஃப்டை மாற்றுவார்கள். இன்ஜின் சீறும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்ஜின் வேறொரு இடத்தில் வட்டி கேட்கும்.

கம்ப்ரஷன் ஏறினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். அக்காலப் பெட்ரோல் அதைத் தாங்கும் தரத்தில் இல்லை. கூடவே நம் ஊர் வெயில். 'நாக்கிங்' என்று நாம் சொல்லும் அந்த டக்டக் சத்தம் தெருவில் என்றால் ஓட்டுநர் காலைத் தளர்த்துவார். பந்தயத்தில் யார் தளர்த்துவார்கள்? நீண்ட நேர்ப்பாதையில் முழுக்க மிதித்தபடியே போனால் ஹெட் கேஸ்கெட் போகும், அல்லது பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

வேகத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள கணக்கைப் புரிந்துகொள்ள, நம் கிணற்றுமேட்டு ஆயில் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் பம்ப் வருவதற்கு முன் நம் வயல்களுக்கு இறைத்துக் கொடுத்தது அதுதான். அவற்றில் பல, இங்கிலாந்தின் லிஸ்டர் இன்ஜினைப் பார்த்துச் செய்தவை. ஒற்றைச் சிலிண்டர், ஆறு குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் ஐந்தரை அங்குலம். கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டர்தான் வரும். அதனால்தான் அது விடிய விடிய ஓடியது. அப்பா ஓட்டிய இன்ஜினை மகன் ஓட்டினான்.

பந்தய இன்ஜினில் அதே பிஸ்டன் நொடிக்கு 20 மீட்டர் வரை போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நின்று திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது கனெக்டிங் ராடை அது இழுக்கும் இழுப்பு வேகத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கு ஒன்றாக ஏறுவதில்லை. சுற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கிராங்க் ஷாஃப்டில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்தான் இதைத் தாங்க வேண்டும். பேரிங்கையும் ஷாஃப்டையும் பிரித்து வைப்பது மயிரிழை கனமுள்ள ஆயில் படலம். அது ஒரு நொடி அறுந்தால் உலோகமும் உலோகமும் உரசும், பேரிங் உருகும், ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

ஆயில் இருந்தும் இப்படி நேரும். வேகமாகத் திரும்பும்போது பஸ்ஸில் நிற்பவர்கள் ஒரு பக்கம் சாய்வதுபோல, சம்பில் உள்ள ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் அந்த நேரம் காற்றை உறிஞ்சும். இதற்கு நம் மெக்கானிக்குகள் கண்ட வைத்தியம் எளிமையானது. சம்புக்குள் தகட்டால் தடுப்பு வைத்துப் பற்ற வைத்தார்கள். ஏரிக்கு உள்ளே கரை போட்டுத் தண்ணீரை மதகுப் பக்கம் நிறுத்துவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரைச் சோழவரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினார். என்சைன் கார்கள் உலகப் பந்தயங்களில் ஓடிய காலத்தில் அவற்றுக்கு உயிர் கொடுத்தது காஸ்வொர்த் டி.எஃப்.வி. என்ற இன்ஜின். அதன் கதையைச் சொன்னால் நம் ஃபியட் மெக்கானிக்குகள் பட்ட பாடு இன்னும் நன்றாக விளங்கும்.

கீத் டக்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஃபோர்டு நிறுவனத்தின் பணத்தில் வடிவமைத்த இன்ஜின் அது. மூன்று லிட்டர், எட்டுச் சிலிண்டர், 9000 சுற்றில் 400 குதிரைத்திறனுக்கு மேல். 1967 ஜூன் 4-ஆம் தேதி நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட்டில் முதல் பந்தயம். இரண்டு லோட்டஸ் கார்களில் அதைப் பூட்டியிருந்தார்கள். முதலிடத்திலிருந்து புறப்பட்டு முன்னால் போன கிரகாம் ஹில்லின் கார் சில சுற்றுகளிலேயே நின்றது. கேம் ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் கியரின் பல் உடைந்துவிட்டது. அதே இன்ஜினோடு ஓடிய ஜிம் கிளார்க் வென்றார். மறுநாள் உலகம் கிளார்க்கைப் பேசியது. டக்வொர்த் அந்த உடைந்த பல்லை யோசித்துக்கொண்டிருந்தார். எட்டுச் சிலிண்டரின் அதிர்வு கியரை முன்னும் பின்னும் உலுக்கியதுதான் காரணம் என்று கண்டு, பின்னாளில் அந்த உலுக்கலை வாங்கிக்கொள்ளும் சுருள்தன்மை உள்ள அமைப்பைக் கியருக்குள்ளேயே வைத்தார். அதே இன்ஜின் 1983 வரை 155 பந்தயங்களை வென்றது. அந்த வெற்றிகளுக்கெல்லாம் வேர், முதல் நாள் நின்றுபோன கார்.

நம் பக்கம் இதே பாடத்தை வேறு வழியில் கற்றவர் கோவை கரிவர்தன். சோழவரத்தில் கார் ஓட்டியவர், தானே கார் வடிவமைத்தவர். அப்போது ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் என்றால் வெளிநாட்டுச் சரக்குதான். வாங்குவதற்கும் வசதி வேண்டும், இன்ஜின் போனால் பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். வசதி உள்ள பத்துப் பேர் ஆடும் ஆட்டமாகவே அது இருந்தது. கரிவர்தன் என்ன செய்தார்? தான் வடிவமைத்த சிறிய பந்தயக் காருக்கு மாருதி 800 இன்ஜினைத் தேர்ந்தெடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி., நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாத இன்ஜின். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அது தாங்கியது. கெட்டாலும் எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைத்தது. கார் எடை மிகக் குறைவு என்பதால் வேகத்துக்கும் பஞ்சமில்லை. எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்பதால் பணத்தை மீறிக் கைத்திறன் தெரிந்தது.

ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைக் கார்கள்தான் ஒரு தலைமுறை ஓட்டுநர்களை வளர்த்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சொந்தமாக 3.7 கிலோமீட்டர் ஓடுதளம் அமைத்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. கோவையிலிருந்து வந்த நரேன் கார்த்திகேயன் என்ற பையன் அங்கே ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் தொடங்கினார். கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அதே நரேன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஜோர்டான் கார், டொயோட்டா இன்ஜின். அந்த ஆண்டு ஒரு புது விதி வந்தது. அதைச் சொல்வதற்கு முன் நம் ஊர் விதி ஒன்றையும் நினைவுபடுத்துகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில் முதலாவது பொ.ஆ. 919-ல், அடுத்தது 921-ல். இரண்டே வருஷத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். நடைமுறையில் கோளாறு தெரிந்ததும் திருத்த வெட்கப்படவில்லை. ஃபார்முலா ஒன்காரர்களும் இந்த விஷயத்தில் நம் ஊர்ச் சபையார் மாதிரிதான்.

முன்பெல்லாம் தகுதிச் சுற்றுக்கு ஒரு இன்ஜின், பந்தயத்துக்கு இன்னொன்று என்று மாற்றிக்கொள்வார்கள். சில மணி நேரம் உயிரோடு இருந்தால் போதும் என்று செய்த இன்ஜின்கள். செலவு மலைபோல் ஏறியது. 2004-ல் மூன்று நாள் பந்தய நிகழ்ச்சி முழுவதற்கும் ஒரே இன்ஜின் என்றார்கள். 2005-ல் அடுத்தடுத்த இரண்டு பந்தயங்களுக்கு ஒரே இன்ஜின். மீறி மாற்றினால் புறப்படும் வரிசையில் பத்து இடம் பின்னால் போக வேண்டும். அந்த ஆண்டு மெக்லாரனில் ஓட்டிய கிமி ரைக்கோனன் ஏழு பந்தயம் வென்றார். ரெனோவில் ஓட்டிய அலோன்சோவும் ஏழுதான். ஆனால் ரைக்கோனனின் கார் அடிக்கடி கைவிட்டது, இன்ஜின் தண்டனையும் பலமுறை விழுந்தது. பட்டம் அலோன்சோவுக்குப் போனது. 2009-ல் வருஷம் முழுவதற்கும் ஓர் ஓட்டுநருக்கு எட்டே இன்ஜின் என்று இன்னும் இறுக்கினார்கள்.

நரேனுக்கு அந்த ஆண்டு கிடைத்த ஐந்து புள்ளிகளும் தாங்கி முடித்ததற்கான கூலிதான். அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் மிஷெலின் டயர்கள் பாதுகாப்பில்லை என்று தெரிந்து பதினான்கு கார்கள் விலகின. மிச்சம் ஆறு கார்கள் ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். ஆறு பேரில் நான்காவது என்று கேலி பேசியவர்கள் உண்டு. பணிமனைக்காரனான எனக்கு அதில் கேலி தெரியவில்லை. கடைசிவரை ஓடிய வண்டிக்குத்தான் கணக்கு.

இன்று இந்தப் பிரச்சினை பந்தயப் பாதையை விட்டுத் தெருவுக்கும் வந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் அருகே 2007-ல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை நமக்கு எட்டும் தூரம்தான். அந்த நிறுவனம் 2000-ல் ஜெர்மனியில் வெளியிட்ட எம்3 ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் 8000 சுற்று வரை போகும். அதில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டர். டக்வொர்த்தின் பந்தய இன்ஜினையே மிஞ்சிய வேகம். முதல் சில ஆண்டுகளில் செய்த கார்களில் பிக் எண்ட் பேரிங்குகள் கெட்டு இன்ஜின்கள் போயின. நிறுவனமே பேரிங்குகளை மாற்றித் தந்து, உத்தரவாதக் காலத்தையும் நீட்டியது. போர்ஷே கார்களில் இடைத்தண்டின் ஒரு சிறு பேரிங் உடைந்து முழு இன்ஜினையும் நாசமாக்கிய வழக்கு 2013-ல் அமெரிக்காவில் சமரசமானது. எத்தனை கோடி விலை என்றாலும் கெடுவது சோழவரத்து ஃபியட்டில் கெட்ட அதே இடம்தான்: பேரிங், ஆயில், சூடு.

அந்த எம்3-யின் சுற்றுமானியில் ஒரு வரிசை விளக்குகள் உண்டு. ஆயில் குளிர்ந்திருக்கும்போது, இந்தச் சுற்றுக்கு மேல் போகாதே என்று அவை எரியும். ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். பணிமனையில் காலையில் பஸ்ஸை எடுக்கும் புது ஓட்டுநர்களுக்கு நாங்கள் வாயால் சொன்னதை, ஜெர்மன்காரர் விளக்குப் போட்டுச் சொல்கிறார். வீட்டில் டூவீலர் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் முறுக்காமல் ஒரு நிமிஷம் பொறுக்கட்டும்.

சோழவரத்தில் ஹெட் இழைத்தவர்கள், தடுப்புத் தகடு பற்ற வைத்தவர்கள் பெயரெல்லாம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஓட்டியவர் பெயர் மட்டும்தான் பதிவானது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து மெக்கானிக்குகள் சிலரும் அந்தப் பந்தயங்களுக்கு வேலை செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது அப்படி இருந்திருந்தால், எந்த வண்டி, என்ன வேலை, ஏன் நின்றது என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை அதைப் போடுகிறேன்.