பசி உண்டு, பட்டினி இல்லை

செய்தியாளர் ஒருவர் பொய் எழுதுகிறார் என்றால், நடக்காததை நடந்ததாக எழுதுகிறார் என்றுதான் நாங்கள் நினைக்கிறது. அந்தப் பொய்யைப் பிடிப்பது சுகம். நடந்ததை மறுக்காமல் அதற்கு வேறொரு பெயர் வைத்து எழுதும்போதுதான் சனம் ஏமாறுகிறது. இதற்கு நான் அறிந்த மிகப் பெரிய உதாரணம், 1933 இல் உக்ரைனில் இருந்த பஞ்சமும் அதைப் பற்றி அமெரிக்காவின் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை எழுதிய செய்தியும்தான்.

பஞ்சம் வானம் பொய்த்ததால் வந்ததல்ல. 1929 இல் இருந்து ஸ்டாலின் அரசு குடியானவர்களின் காணியையும் மாட்டையும் பறித்துக் கூட்டுப்பண்ணைகளில் சேர்த்தது. ஊருக்கு ஊர் தானிய அளவு விதித்தது. கொடுக்க முடியாத வீடுகளைச் சோதித்து விதைக்கு வைத்திருந்ததையும் எடுத்தார்கள். அளவு கொடாத ஊர்களைக் கறுப்புப் பட்டியலில் போட்டுக் கடைச் சாமான்களை நிறுத்தினார்கள். 1933 ஜனவரியில் குடியானவர்கள் உக்ரைனை விட்டு வெளியேறாதபடி வழியையும் அடைத்தார்கள். (பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று வன்னிச் சனத்துக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.) உக்ரைனில் மட்டும் 35 முதல் 40 இலட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கசகஸ்தானில் இறந்தவர்கள் வேறு.

2022 க்குப் பிறகு எங்கட தொழிற்சாலைக்கு வந்த உக்ரைன் நாட்டு அக்கா ஒருவர் என்னோடு பொதி கட்டும் பகுதியில் நிற்கிறா. இந்தப் பஞ்சத்தை அவர்கள் ஹொலொடொமோர் என்கிறார்கள். பட்டினியால் சாகடித்தல் என்று பொருள். தன்ர அம்மம்மா கடைசிவரைக்கும் மேசையில் சிந்தின பாண் துகளை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போடுவா என்று சொன்னா. அதற்குப் பிறகுதான் நான் இதைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

கரெத் ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டு இளைஞர். அப்போது வயது 27. கேம்பிரிட்ஜில் படித்து ரஷ்ய மொழி நன்றாகத் தெரிந்தவர். 1933 மார்ச்சில் மொஸ்கோவில் இருந்து ரயில் ஏறி, இடையில் இறங்கி, கார்கிவ் பக்கத்துக் கிராமங்களுக்குள் தனியே நடந்தார். குடியானவர்களின் குடிசைகளிலேயே படுத்தார். பாண் இல்லை, சாகிறோம் என்பதைத்தான் போன இடமெல்லாம் கேட்டார். ரயிலில் கட்சிக்காரர் ஒருவர் பஞ்சமே இல்லை என்று வாதாட, ஜோன்ஸ் தான் தின்ற பாணின் கரையைப் படிக்கத்துக்குள் எறிந்தார். பக்கத்தில் இருந்த குடியானவன் அதை எடுத்துத் தின்றான். தோடம்பழத் தோலை எறிந்தார்; அதையும் எடுத்தான். மார்ச் 29 ஆம் திகதி, இதே ஜேர்மனியில், பேர்லினில் வைத்து ஜோன்ஸ் கண்டதைப் பத்திரிகைகளுக்குச் சொன்னார்.

இரண்டே நாளில் நியூயோர்க் ரைம்ஸ் பதில் போட்டது. எழுதியவர் அதன் மொஸ்கோ நிருபர் வோல்ரர் டுராண்டி, முந்திய வருடம்தான் புலிட்சர் பரிசு வாங்கியவர். ரஷ்யர்களுக்குப் பசி உண்டு, பட்டினி இல்லை என்பது தலைப்பு. ஜோன்ஸ் அவசரப்பட்டு முடிவு கட்டிவிட்டாராம். முட்டையை உடைக்காமல் முட்டைப்பொரியல் செய்ய ஏலாதாம். அதோடு ஒரு வசனம்: பட்டினிச் சாவு என்று இல்லை, ஆனால் போசாக்கின்மையால் வரும் நோய்களால் பரவலாக மரணம் உண்டு.

இந்த வசனத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துப் பாருங்கள். சாப்பாடில்லாமல் வற்றிப்போன உடம்பைக் காய்ச்சல் கொண்டுபோனால், துண்டில் காய்ச்சல் என்று எழுதலாம்தான். ஒரு சொல்லும் முழுப்பொய் இல்லை. ஆனால் 'இல்லை' முன்னுக்கு நிற்கிறது, 'மரணம்' பின்னுக்கு ஒளிந்திருக்கிறது. தலைப்புக்குப் போனது முன்பாதி மட்டும். மே மாதம் அதே பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் ஜோன்ஸ் இதைத்தான் பிடித்தார்: பஞ்சத்துக்கு உணவுத் தட்டுப்பாடு என்று மரியாதையான பெயர் வைக்கிறீர்கள் என்றார்.

டுராண்டிக்குத் தெரியாமல் நடந்ததா? அந்தச் செப்டெம்பரில் பஞ்சம் என்ற சொல்லே அபத்தம் என்று பத்திரிகையில் எழுதினார். அதே மாதம் மொஸ்கோவில் இருந்த பிரித்தானியத் தூதரகத்தில், ஒரு கோடி பேர்வரை செத்திருக்கலாம் என்று தனிப்படச் சொன்னார். அந்தத் தொகை மிகையாக இருக்கலாம். வாசகனுக்கு ஒரு கணக்கு, தூதரகத்துக்கு வேறு கணக்கு என்பதுதான் விசயம். மற்ற நிருபர்களும் பெரிதாக வாய் திறக்கவில்லை. தணிக்கை அதிகாரியைப் பகைத்தால் மொஸ்கோவில் இருக்க ஏலாது. ஏப்ரலில் பிரித்தானிய எஞ்சினியர்களின் வழக்கு வேறு இருந்தது. ஜோன்ஸைத் தாங்கள் கூடிக் கவிழ்த்தோம் என்று யூஜின் லயன்ஸ் என்ற நிருபர் 1937 இல் எழுதினார்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 1935 இல் அமெரிக்காவின் ஹேர்ஸ்ட் பத்திரிகைகள் பஞ்சப் படங்களைப் பெரிதாகப் போட்டன. படம் கொடுத்த தோமஸ் வோக்கர் உண்மையில் சிறையில் இருந்து தப்பியவர்; பெயரும் பொய். படங்களில் பல 1921-22 வொல்கா பஞ்சத்தின் பழைய படங்கள். லூயி பிஷர் என்ற செய்தியாளர் இதை அம்பலப்படுத்தினார். அதற்குப் பிறகு பஞ்சமே கட்டுக்கதை என்று சொல்ல நினைத்தவனுக்கெல்லாம் அந்தப் படங்கள் போதுமாயிருந்தன. 1987 இல் கனடாவில் அப்படி ஒரு புத்தகமே வந்தது.

இதை வாசிக்க எங்கட ஆக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். எந்த நாட்டுப் படத்தையோ முள்ளிவாய்க்கால் என்று கைத்தொலைபேசியில் அனுப்புகிறார்கள். கேட்டால், நடந்தது உண்மைதானே என்கிறார்கள். நடந்தது உண்மை என்றபடியால்தானே கேட்கிறேன்!

ஜோன்ஸுக்கு சோவியத் நாட்டுக்குள் திரும்பப் போகத் தடை விழுந்தது. 1935 ஓகஸ்டில் உள்மொங்கோலியாவில் கொள்ளையர் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள்; மறுநாள் அவருக்கு 30 வயது. டுராண்டி 1957 வரை இருந்தார். அவருடைய பரிசைப் பறிக்கச் சொல்லி உக்ரைனியர்கள் கேட்டபோது, பரிசு 1931 கட்டுரைகளுக்குத்தான் கொடுத்தது என்று சொல்லி 2003 இல் புலிட்சர் சபை மறுத்துவிட்டது. கிராமங்களில் நடந்தபோது ஜோன்ஸ் குறித்துவைத்த கையேடுகளை 2009 இல் கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரியின் நூலகத்தில் சனம் பார்க்க வைத்தார்கள்.