இலவசக் கல்வியும் கற்றற் கருவிகளும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கட்டணம் நீக்கப்பட்டமை மட்டும் கல்வியை எல்லார்க்கும் உரியதாக்கிவிடுமா? கற்பதற்கு வேண்டிய கருவி மாணவர் கைக்கு எட்டாதவிடத்துத் திறந்த பள்ளிக்கதவினாற் பயன் யாது? இவ்வினாவைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கரையோரம் கல்விக்குப் புறம்பானதன்று. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆயின் அன்று ஏடும் அச்சுநூலும் வாய்ப்புடைய குடும்பங்களுக்கே உரியனவாயிருந்தன. மீனவர், உப்பளத் தொழிலாளர், தென்னந்தோட்டக் கூலியாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அவை எட்டாக்கனியே.

இந்நிலையை மாற்ற எழுந்ததே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் 1943ஆம் ஆண்டுக் கல்வி விசேட குழு அறிக்கை. அதன் பயனாக 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் எழுந்த மத்திய பாடசாலைகள் நகரக் கல்லூரிகளுக்கே உரியனவாயிருந்த வசதிகளைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்ல முயன்றன. எனினும் பாடநூல் பெற்றோர் சுமையாகவே நின்றது. அரசு அதனை இலவசமாக வழங்கியது 1980இலேயே. கட்டணத்துக்கும் நூலுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தமை சிந்தனைக்குரியது.

உயர்வகுப்புகளில் நூல் மட்டும் போதுமானதன்று. ஆய்வுகூடமும் கணினியும் வேண்டும். நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானம் பயிற்றுவிப்பன ஏறத்தாழ 1,000 மட்டுமே. பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட 5 சதவீதத்திற் புத்தளமும் பங்குபெறுகின்றது. இது குறைபாட்டின் விளைவுக்கு மருந்தேயன்றிக் காரணத்துக்கு மருந்தன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் இம்மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தபோது, ஏலவே குறைந்திருந்த பாடசாலை வசதிகளை மேலும் பலர் பகிர வேண்டியதாயிற்று.

2010களில் 'மகிந்தோதய' திட்டம் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளுக்குக் கணினியுடன் கூடிய ஆய்வுகூடங்களை அமைக்க முற்பட்டது. அது பாராட்டுக்குரிய முயற்சியே. ஆயின் 2020 மார்ச்சிற் கொள்ளைநோய் பாடசாலைகளை மூடியபோது அதன் எல்லை புலப்பட்டது. கணினிகள் பூட்டிய அறைக்குள்ளேயே இருந்தன. பாடங்களோ இணையவழி சென்றன. அக்காலத்தில் நாட்டின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. ஒரேயொரு கைபேசியைத் தந்தை தொழிலுக்குக் கொண்டுசெல்லும் வீட்டிற் பிள்ளைக்கு வகுப்பு ஏது? 2011 முதல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் நாடெங்கும் ஒளியேற்ற மின்சாரம் வழங்கி வருகின்றது. அந்நிலையம் நிற்கும் கரையிலேயே கருவியின்றிக் கல்வி இருண்டமை வரலாற்றின் முரண் எனின் மிகையாகாது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. கட்டடத்துக்கு வழங்கப்பட்ட கருவி கட்டடத்தோடு நின்றது. பிள்ளையின் கையில் வழங்கப்பட்ட பாடநூலோ வீடுவரை சென்றது. ஆகவே உயர்வகுப்பு மாணவர்க்குரிய கணினியும், பாடநூலைப்போன்று, ஆண்டுத் தொடக்கத்தில் வழங்கப்பட்டு, ஆண்டிறுதியில் மீளப்பெறப்பட்டு, அடுத்தவர்க்குக் கைமாறுதல் வேண்டும். அதனைப் பயன்கொள்ளக் கற்பிக்கும் ஆசிரியரும், பழுதுபார்க்கும் ஏற்பாடும் உடன் அமைதல் வேண்டும். இன்றேல் கருவி வெறும் பாரமே.

செலவு மிகுதி என்பர் சிலர். 1940களிலும் இலவசக் கல்வியை எதிர்த்தோர் அவ்வாறே உரைத்தனர். கட்டணத்துக்கும் நூலுக்கும் இடையே கழிந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை தலைமுறை மாணவர் பின்தங்கினர் என்பதை எண்ணின், நூலுக்கும் கணினிக்கும் இடையே இன்னுமொரு நெடுங்காலம் கழிய விடலாகாது.